பங்காளியின் வால்

மார்ச் 4, திங்கள்

ஏழு நாள் கேட்டேன். மூன்று நாள் கிடைத்திருக்கிறது. புரதத்தின் வடிவத்தைக் காட்டும் என்.எம்.ஆர். இயந்திரத்துக்குக் காத்திருப்பதைவிட ரேஷன் கடை வரிசை தேவலை. அங்கே முன்னால் நிற்பவரின் முதுகாவது தெரியும். இங்கே கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல். அதில் என் பெயர் எப்போதும் யாருடைய பெயருக்கோ கீழே.

என் வழிகாட்டி வேதாசலம் சார் ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் என் ஆய்வேடு முடிய வேண்டும். இல்லாவிட்டால் புது வழிகாட்டி, புதுப் படிவங்கள், ஏழாவது வருடம்.

காலையில் தேவகோட்டையிலிருந்து அம்மா போன். "நீ அங்க என்னதான் ஆத்தா பண்ற? தம்பி மாமியார் கேக்குறாக. எனக்குச் சொல்லத் தெரியல."

"செல்லுக்குள்ள ஒரு ஸ்விட்ச் இருக்கும்மா. ஜி புரதம்னு பேரு. மூணு பாஸ்பேட் உள்ள ஒரு மூலக்கூறு வந்து ஒட்டுனா ஆன். ரெண்டு பாஸ்பேட் உள்ளது ஒட்டுனா ஆஃப். ஆன்ல இருக்கும்போது மட்டும் இன்னொரு புரதம் வந்து அதைப் பிடிச்சுக்கும். எந்த இடத்துல பிடிக்குதுன்னு பாக்குறேன்."

"பாத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"ஆறு வருசமாவா?"

போனை வைத்துவிட்டேன். (அந்த இரண்டு மூலக்கூறுகளின் ஆங்கிலச் சுருக்கப் பெயரையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே ஜிடிபி. ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே எழுத்துகள். ஆக, தமிழும் என்னைக் கைவிட்டது.)

பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு எங்கள் ஆய்வகத்தில் பங்காளி என்று பெயர். வைத்தது மெர்லின் அக்கா. பங்காளியின் எழுபது அமினோ அமிலத் துண்டு ஒன்று ஸ்விட்சைப் பிடிக்கிறது என்று ஏழு வருடங்களுக்கு முன் காட்டியவரும் அவர்தான். அந்தக் கட்டுரையின் படம் கண்ணாடி போட்டு வராந்தாவில் மாட்டியிருக்கிறது. நான் சேர்ந்த முதல் வருடம் அவர் இங்கே இருந்தார். இப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. என் மேசை, என் பைப்பெட், என் பங்காளி எல்லாம் அவர் விட்டுப்போனவை.

அவர் எங்கே பிடிக்கிறது என்று காட்டினார். எப்படிப் பிடிக்கிறது என்ற முழு வடிவமும் என் பொறுப்பு. அதற்காக ஒரே ஒரு மாற்றம் செய்தேன். புரதத்தை மற்ற குப்பைகளிலிருந்து பிரித்தெடுக்க வசதியாக ஒரு வால் ஒட்டி வளர்ப்போம். அக்கா வாலோடு செய்தார். அந்த வால் ஆடிக்கொண்டே இருப்பதால் படத்தின் நடுவில் புள்ளிகளை அள்ளிக் கொட்டுகிறது. நான் வெட்டிவிட்டேன்.

மார்ச் 6, புதன்

வரைபடத்தில் பங்காளியின் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு புள்ளி விழும். ஸ்விட்ச் வந்து எங்கே தொடுகிறதோ அந்தப் புள்ளிகள் இடம் மாறும். தத்துவம் இவ்வளவுதான்.

ஸ்விட்சைச் சேர்த்தேன். ஒன்றும் மாறவில்லை. இரண்டு மடங்கு சேர்த்தேன். நான்கு மடங்கு. ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது.

ஸ்விட்ச் கெட்டுப்போயிருக்கும்.

மார்ச் 13, புதன்

ஸ்விட்ச் தானாகவே ஆஃப் ஆகியிருக்கலாம் என்றார் சார். நியாயம்தான், மூன்றாவது பாஸ்பேட்டை அது மெல்ல உடைத்துத் தின்றுவிடும். ஆகவே உடைக்கவே முடியாத போலி மூலக்கூறை ஒட்டி, ஐந்து நாள் உழைத்துப் புதிதாகத் தயாரித்தேன். சேர்த்தேன். மாறவில்லை.

"மெர்லின் பேப்பரை இன்னொரு தடவை படி" என்றார் சார். "உப்பு அளவு, வெப்பநிலை எல்லாம் அப்படியே இருக்கா பாரு. அவ கை சுத்தம்."

என் கை அழுக்கு என்று அர்த்தம்.

விடுதியில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. ஆய்வகத்தில் மூன்று முறை வடித்த நீர் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது. அதில் முகம் கழுவினால் குற்றம்.

மார்ச் 22, வெள்ளி

மாறவில்லை. சளி பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. பதினொன்றாம் தேதி மதுரையில். நான் கூட இருப்பதாகச் சொல்லி டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இன்று பட்டியலில் யாரோ விலக, பதினொன்றாம் தேதி முழுப் பகலும் எனக்கு வந்து விழுந்திருக்கிறது. நான்கு மாதமாகக் கும்பிட்டுக் கேட்டபோது வராத பகல்.

"எடுத்துக்கோ. இனிமே மே மாசம்தான்" என்றார் சார்.

அம்மாவிடம் சொன்னேன். "சரித்தா. சின்னம்மா வர்றேங்குறாக. நீ உன் வேலையப் பாரு." கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 11, வியாழன்

காலை பத்தேகாலுக்கு இயந்திர அறையின் ஏ.சி. நின்றது. பத்தரைக்கு குணாளன் எல்லாவற்றையும் நிறுத்தினார். இயந்திரத்தைப் பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வாராவாரம் அதற்குத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் காந்தத்தைக் குளிரவைப்பவர். மெக்கானிக் வந்தபோது மணி நான்கு.

ஒரு பகல். மதுரையில் அம்மாவோடு நான் இருந்திருக்க வேண்டிய பகல்.

குணாளன் எனக்கு டீ வாங்கி வந்தார். "ஏம்மா, தப்பா நெனச்சுக்காத. அந்த மெர்லின் பொண்ணு போட்டதெல்லாம் வாலோட தானே? நீ ஒரு தடவ வெட்டாம போட்டுப் பாத்தியா?"

"அது தேவையில்லண்ணே. வாலுக்கும் பிடிக்கறதுக்கும் சம்பந்தமில்ல."

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்பவர்களுக்கு இந்த நிறுவனத்தில் பஞ்சமே இல்லை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

சின்னம்மா போன் செய்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஏப்ரல் 15, திங்கள்

குளிர்பெட்டியை முழுக்கக் காலி செய்து துடைத்தேன். பழைய குழாய்களுக்குப் புது லேபிள் எழுதினேன். பி.எச். மீட்டரைச் சரி பார்த்தேன். உடைந்த கண்ணாடிக் குழாய்களை எண்ணித் தனியாகக் கட்டினேன். ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். முதல் வரி மெர்லின் அக்காவுக்கு. நல்ல வேலை நடந்த நாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

மையவிலக்கு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டேன். அது என் வேலை இல்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

குணாளனிடம் கெஞ்சி அரை நாள் வாங்கினேன். வாலோடு கூடிய பங்காளியைப் போட்டு, ஸ்விட்சைச் சேர்த்தேன்.

நகர்ந்தது. அழகாக, படிப்படியாக, வராந்தாவில் மாட்டியிருக்கும் படம் போலவே. இரண்டு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு எந்தப் புள்ளிகள் நகர்ந்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வாலும் வாலை ஒட்டியுள்ள ஐந்தாறு அமிலங்களும். மற்றவை அசையவே இல்லை.

பக்கத்து ஆய்வகத்தில் ஒரு புரதம் கேட்டு வாங்கினேன். எங்கள் பங்காளிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் அதே வால். ஸ்விட்சைச் சேர்த்தேன். அதுவும் நகர்ந்தது.

ஆக, ஸ்விட்சில் ஒட்டுவது வால். பங்காளி இல்லை.

வாலை வெட்டாத குழாய் ஒன்றை மார்ச் ஏழாம் தேதியே தனியாக எடுத்து உறைநிலைப் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். லேபிளில் என் கையெழுத்தில் தேதி இருக்கிறது. சந்தேகம் அன்றைக்கே வந்துவிட்டது என்று அன்று நான் எழுதவில்லை.

மே 3, வெள்ளி

பத்து நாளாகச் சார் ஊரில் இல்லை. அப்படித்தான் எழுத வேண்டும். நடுவில் நான்கு நாள் இருந்தார்.

இன்று சொன்னேன். படங்களை மேசைமேல் பரப்பினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து பார்த்தார்.

"எத்தனை தடவை பண்ணின?"

"வால் இல்லாம அஞ்சு தடவை சார். வாலோட ரெண்டு."

"ஸ்விட்ச் ஆன்லதான் இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கான படத்தையும் எடுத்து வைத்தேன்.

"உமையாள், இந்தப் பேப்பரை இருநூறு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. நீ ஆறு வருஷமா எதையும் முடிக்கல. இப்ப வந்து அவங்க எல்லாரும் தப்புன்னு சொல்ற." குரலை உயர்த்தவில்லை. "கை சுத்தமா இன்னொரு தடவை பண்ணிட்டு வா."

மேசையில் பிரிவுபசார விழா அழைப்பிதழின் மாதிரி கிடந்தது. அட்டையில் வராந்தாவில் மாட்டியிருக்கும் அதே படம்.

வெளியே வந்து கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் வந்தது. இன்றைக்கு மட்டும் வந்தது.

மே 6, திங்கள்

மெர்லின் அக்கா போன். விழாவில் பேச அவரை அழைத்திருக்கிறார்கள். "என்னத்தப் பேசட்டும் மக்களே? அந்தப் பங்காளி கதையத்தான் சொல்லணும். அதனாலதான எனக்கு இந்த வேலையே கெடச்சுது." சிரித்தார். அவர் மகனுக்கு முன்பல் விழுந்தது, புதிய பிரின்சிபால், நாகர்கோவிலில் மழை. இருபது நிமிடம் பேசினோம். நானும் சிரித்தேன். ஒவ்வொரு முறை அவர் "பொறவு?" என்று கேட்கும்போதும் வேறு எதையோ சொன்னேன்.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மே 14, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குச் சார் இயந்திர அறை வாசலில் நின்றார். நான் இந்த ஆறு வருடத்தில் அவரை அங்கே பார்த்ததில்லை. காந்தம் இழுத்துவிடாமல் இருக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றி, பர்ஸையும் எடுத்து, குணாளனிடம் கொடுத்தார்.

"மாதிரியைக் கொடு. நான் போடறேன்."

பைப்பெட்டை எடுத்தார். முதல் சொட்டு குழாயின் வெளியே விழுந்தது. நான் கை நீட்டினேன். "வேண்டாம்" என்றார். இரண்டாவது சொட்டு உள்ளே போனது. குழாயை இறக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்துக்கும் இருபத்தைந்து நிமிடம். குணாளன் வெளியே போய்விட்டு வந்தார், மறுபடி போனார்.

நான்கு மடங்கு சேர்த்த பிறகு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். எழுபது புள்ளிகள். எல்லாம் அதே இடத்தில்.

"இன்னொரு குழாய் இருக்கா?"

இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. மூன்றரைக்கு இரண்டாவதும் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்பவே வாலை வெட்டிப் பாக்கச் சொல்லியிருக்கணும். நான்தான் சொல்லியிருக்கணும். அவ பண்ணினா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்." பிறகு, "மெர்லினுக்குத் தெரியுமா?"

"இல்ல சார்."

"நான் பேசட்டுமா?"

"வேண்டாம் சார். நான் பேசறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் பேசியிருந்தால் எவ்வளவு சுலபம்.

மே 15, புதன்

சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாக, மூச்சு விடாமல். முடித்ததும், "கேக்குதா அக்கா?" என்றேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"ஏப்ரல் இருபத்தி மூணு."

"அப்போ ஆறாந்தேதி எனக்கிட்ட எதுக்குச் சிரிச்சுப் பேசுன?"

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மே 29, புதன்

பதினான்கு நாள். மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. படங்களை மின்னஞ்சலில் அனுப்பினேன், ஒரு வரி இல்லை. சார் பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு வாக்கியத்தையும் என்னிடம் காட்டி, "இது ரொம்பக் கடுமையா இருக்கா? இது ரொம்ப மென்மையா இருக்கா?" என்று கேட்கிறார். மூன்று வாக்கியத்துக்கு ஒரு வாரம். மனுஷனைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, கழுத்தைப் பிடிக்கவும் தோன்றுகிறது.

நன்றியுரைப் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியை அழிக்கவில்லை. ஆய்வேடே இல்லாதபோது நன்றியுரை எதற்கு என்று கோப்பை மூடினேன்.

ஜூன் 5, புதன்

வகுப்பு இல்லாத நேரத்தில் அழைக்கிறேன் என்றுதான் ஆரம்பித்தார் மெர்லின் அக்கா. பின்னால் மணிச் சத்தமும் பிள்ளைகள் சத்தமும்.

"நீ அனுப்புனத எல்லாம் பாத்தேன். எனக்க பழைய நோட்டையும் எடுத்துப் பாத்தேன். வால வெட்டிப் பாக்கணும்னு நானே எழுதி வச்சிருக்கேன், கேட்டியா? சிவப்பு மையில. வெட்டல. கல்யாணத்துக்கு நாலு வாரம் இருந்துது, பேப்பரு போணும்னு எல்லாரும் அவசரப்பட்டாவ. புள்ளி நகந்துட்டு, பொறவு எதுக்கு வெட்டணும்னு நெனச்சேன்."

"அக்கா..."

"அழாத. கோவம் இன்னும் போவல எனக்கு. தப்புக் கண்டுபுடிச்சதுக்கு இல்ல. சிரிச்சதுக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "திருத்தக் கடுதாசில யாரு பேரு முதல்ல?"

"சார் பேரு."

"எனக்க பேரு முதல்ல வரணும். பேப்பர்ல முதல்ல இருந்தேன்லா? இதுலயும் அங்கதான் இருப்பேன். அவருகிட்ட சொல்லு."

பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, வேலைக்கு வந்துவிட்டார். ஆரம்பத்தில் பங்காளித் துண்டு நூறு அமிலம் இருந்ததாம். கடைசி முப்பது இருந்தால் மாதிரி மோர் போலக் கலங்கிப் போகிறது என்று வெட்டி எறிந்தாராம். "கலங்குதுன்னு எறிஞ்சதுலதான் பிடி இருக்கோ என்னமோ. உப்பக் கூட்டி, குளிர்ல வச்சுப் பாரு."

என் கண்ணெதிரே எழுதி ஒட்டியிருந்த அட்டவணையில் ஜூலை முழுக்க வெறுமையாக இருந்தது. ஜூனுக்குள் ஆய்வேடு முடியாது என்று அந்த நிமிடம் உறுதியாகத் தெரிந்தது. ஏழாவது வருடம். அதை அம்மாவிடம் வேறு சொல்ல வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

விழா. மெர்லின் அக்கா வரவில்லை. அழைப்பிதழ் அட்டையில் படத்துக்குப் பதிலாக ஏதோ பூ.

எல்லாரும் புகழ்ந்து முடித்த பிறகு சார் எழுந்தார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, வராந்தாவிலிருந்து கழற்றி வந்த அந்தக் கண்ணாடிப் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதை ஏழு வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டிட்டு இருந்தேன். இது தப்பு. நாங்க பாத்தது பங்காளியை இல்ல, நாங்களே ஒட்டின வாலை. மெர்லினும் நானும் போன வாரம் பத்திரிகைக்கு எழுதிட்டோம். கண்டுபிடிச்சது உமையாள்."

அரங்கத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. எதற்குத் தட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வாயில் பாதி சமோசா. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசையில் குணாளன் மட்டும் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினார்.

விழா முடிந்ததும் அவரிடம் போனேன். "அண்ணே, அன்னிக்கு நீங்க கேட்டப்ப..."

"விடும்மா. டீயத்தான் வீணாக்கிட்ட."

ஜூலை 20, சனி

நூறு அமிலப் பங்காளி. இரண்டு முறை கலங்கியது, ஒரு முறை வாலை வெட்டும்போதே காணாமல் போனது. நான்காவது முறை, உப்பைக் கூட்டி, குளிர் அறையிலேயே உட்கார்ந்து முடித்தேன். அதே வழியில் வெவ்வேறு நாளில் வளர்த்த மூன்று மாதிரிகள், மூன்று குழாய்கள். ஒன்றிலும் வால் இல்லை.

சனிக்கிழமைகளில் இயந்திரம் சும்மா இருக்கும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். காலை எட்டு மணிக்கு எழும்பூரிலிருந்து நேராக வந்து நின்றார். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, ஒரு பொதி நேந்திரங்காய் சிப்ஸைக் கையில் திணித்துவிட்டு, "குழாய் எங்க?" என்றார். கம்மல், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வெளி மேசையில் குவித்துவிட்டு உள்ளே போனார்.

ஒரு பங்கு சேர்த்தோம். ஒன்றுமில்லை போலிருந்தது. அக்கா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். இரண்டு பங்கு. கடைசி முப்பதில் மூன்று புள்ளிகள் விலகின. நான்கு பங்கு சேர்த்தபோது பன்னிரண்டு. அவற்றில் ஒன்பது அக்கா வெட்டி எறிந்த துண்டில்.

ஆஃப் நிலையில் உள்ள ஸ்விட்சைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை. ஆன் என்றால் பிடிக்கிறது. ஆஃப் என்றால் விடுகிறது.

இருவரும் சிரிக்கவில்லை. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இரண்டாவது குழாயைப் போட்டோம். மதியம் இரண்டு மணிக்கு அதிலும் அதே பன்னிரண்டு.

வெளியே வந்து நகைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். மாலை வண்டிக்கு அவர் கிளம்ப வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கணவர் இரண்டு முறை அழைத்துவிட்டார். சிப்ஸைப் பிரித்து நின்றபடியே தின்றோம்.

"சாருக்குப் போன் போடட்டா? வீட்டுல சும்மாதான் இருப்பாரு" என்றார்.

"மூணாவது குழாய் இருக்கு அக்கா."

என்னை முறைத்தார். கைபேசியில் மணி பார்த்தார். "நீ அவரை விட மோசம்லா" என்றபடி ஒரு காதிலிருந்து கம்மலைத் திருகத் தொடங்கினார்.